கேம்பிங் போகிற இடத்தில் பாதி கட்டிய டிஸ்க் கோல்ஃப் (தட்டு மாதிரியான டிஸ்க்கை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிகளில் கூடையில் போடும் விளையாட்டு) மைதானம் இருக்கிறதாம். டிஸ்க் எடுத்துக்கொண்டு போவது வீண்வேலையா?

வீண்வேலை இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் பை நிறைய வேண்டாம், இரண்டு போதும்.

நானும் நண்பனும் இப்படி ஒரு மைதானத்தில் இரண்டு நாள் விளையாடியிருக்கிறோம். வரவேற்பறையில் கொடுத்த வரைபடத்தில் ஒன்பது எண்கள் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஐந்து இடங்களில்தான் கூடை. ஆறாவதில் கான்கிரீட்டில் நட்ட வெறும் இரும்புக் குழாய். ஏழாவதில் ஒரு மரத்தில் கட்டிய சிவப்பு ரிப்பன். எட்டும் ஒன்பதும் காகிதத்தில் மட்டும்தான் இருந்தன.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஐந்து கூடை, ஒரு குழாய், ஆக ஆறு. மூன்று சுற்று போனால் பதினெட்டு. எல்லாமே ஐம்பது அறுபது மீட்டர்தான், அதனால் எல்லாவற்றுக்கும் பார் மூன்று, அதாவது மூன்று எறிகளில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வம்பு வந்தது அந்தக் குழாயில்தான். டிஸ்க் குழாயில் பட்டால் முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தோம். நண்பன் எறிந்தது குழாயை ஒட்டிப் போய்ப் புல்லில் விழுந்தது. ‘பட்டுச்சு’ என்றான் அவன். ‘சத்தமே கேக்கலையே’ என்றேன் நான். பத்து நிமிடம் இதே பேச்சு. இந்த விளையாட்டின் ஆரம்பமே இப்படித்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் ஃப்ரிஸ்பி வடிவமைப்பாளர் எட் ஹெட்ரிக் அமைத்த மைதானத்தில் முதலில் கம்பங்கள்தான் இலக்கு. பட்டதா படவில்லையா என்ற சண்டைக்கு முடிவுகட்டத்தான் சங்கிலி தொங்கும் கூடை வந்தது. அதற்கு 1977-ல் காப்புரிமையும் வாங்கினார். நாங்கள் எங்கள் சண்டையைச் சமையலுக்குக் கொண்டுபோன வாளியை வைத்து முடித்தோம். குழாயடியில் வாளி. டிஸ்க் குழாயில் பட்டால் போதாது, வாளிக்குள் விழ வேண்டும். விழுந்தால் காது கேட்காதவனுக்கும் தெரியும்.

கூடை இருக்கிற இடத்திலும் நம்பி எறிய முடியாது. நான்காவது கூடையில் உள்பக்கச் சங்கிலிகளை இன்னும் மாட்டவில்லை. வேகமாக எறிந்தால் டிஸ்க் வெளிச் சங்கிலிக்கு நடுவே புகுந்து, கம்பத்தில் ‘டங்’கென்று மோதி, எறிந்தவன் பக்கமே துள்ளி வந்துவிடும். மூன்று முறை ஏமாந்த பிறகு, கூடையின் விளிம்புக்கு மேல் மெல்ல மிதந்து போய் விழுகிற மாதிரி போடப் பழகினேன். நல்ல கூடைகளில் எனக்கு வராத புத்தி அது.

எறிகிற மேடையும் இருக்காது. தரையில் சுண்ணாம்புக் கோடோ, குத்திவைத்த சின்னக் கொடியோ இருக்கும், அவ்வளவுதான். காலைப் பனியில் புல் வழுக்கும். ஓடிவந்து எறியாதீர்கள், நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். இந்தத் தூரத்துக்கு ஓட்டம் தேவையும் இல்லை. இதனால்தான் டிரைவரை, அதாவது வெகுதூரம் எறிவதற்கான டிஸ்க்கை, வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். கிட்டத்திலிருந்து கூடையில் போட ஒரு பட்டர், நடுத்தரத் தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், போதும். டிரைவரின் விளிம்பு கூர்மையானது, கை கொஞ்சம் தவறினாலும் வெகுதூரம் போய்விடும். சுற்றிலும் கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கூடாரம் பற்றி இன்னொன்று. வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்) எறிந்தால், வேகம் குறையும்போது டிஸ்க் இடப்பக்கம் சாயும். மூன்றாவது கூடைக்குப் போகிற வழியில் இடப்பக்கம்தான் கூடாரங்கள். முதல் சுற்றிலேயே என் டிஸ்க் ஒரு கூடாரத்தின் வெளிவிரிப்புக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். குனிந்து, கயிறு தடுக்காமல், திருடன் மாதிரி கையைவிட்டு எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஃபோர்ஹேண்ட்தான், அதாவது கையை உடம்பின் அதே பக்கத்தில் வைத்துச் சுண்டி எறிவது. அது வலப்பக்கம் சாயும். அந்தப் பக்கம் புதர் மட்டுமே. கட்டி முடித்த மைதானமாக இருந்தால், இந்த மரத்தின் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று அம்புக்குறி வைத்திருப்பார்கள். இங்கே அதை நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். நடைபாதையில் ஆள் வந்தால் அவர் கடந்து போகும்வரை நிற்க வேண்டும்; வழி அவருக்குத்தான்.

புல் வெட்டாத இடம் என்றால் பளிச்சென்ற நிறமாக எடுத்துப் போங்கள். என் பச்சை டிஸ்க்கைத் தேடியதிலேயே ஒரு மாலை போனது. போட்டி விதிப்படி மூன்று நிமிடம்தான் தேடலாம். நாங்கள் என்ன போட்டியா ஆடினோம்! டிஸ்க்கின் அடியில் ஃபோன் நம்பரை எழுதிவையுங்கள்.

ரிப்பன் கட்டிய ஏழாவதையும் கடைசியில் விடவில்லை. அந்த மரத்தையே இலக்காக வைத்து எறிந்துகொண்டிருந்தோம். கிளம்புகிற காலையில் அங்கே ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். கூடை இந்த மரத்தடியில்தானே வருகிறது என்று கேட்டேன். ‘இல்லைங்க, இது வெட்டப் போற மரம்’ என்று சொல்லிவிட்டு, நாங்கள் இரண்டு நாளாக நின்று எறிந்த இடத்தில் குழி தோண்ட ஆரம்பித்தார்.