சிராக்குக்குப் போய் ஏன் போட்டீர்கள் அண்ணை?

தம்பி, பாரிசுக்கு வந்து எட்டு மாதம், உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன், குசினிக்குள் 2027 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிச் சண்டை, "நீ யார் பக்கம்" என்று என்னையும் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்று எழுதியிருந்தீர்கள். நான் யாருக்குப் போட்டேன், பிடிக்காதவர்களுக்கு அதை எப்படி விளங்கப்படுத்தினேன் என்றும் கேட்டிருந்தீர்கள்.

உங்கள் பாடு சுலபம். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும்வரை உங்களுக்கு வாக்கில்லை. நகரசபைத் தேர்தலிலாவது வெளிநாட்டவர் வாக்களிக்கலாம் என்று 1981இல் ஜனாதிபதியான மித்தரோன் அந்த வருஷம் வாக்குறுதி தந்தார். இன்றுவரை அந்த உரிமை ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்களுக்கு மட்டும்தான். "எனக்கு வாக்கில்லை" என்று சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவுங்கள். வாக்குள்ளவனும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வேட்பாளர் பெயரிலும் தனித்தனிச் சீட்டு மேசையில் அடுக்கியிருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் இரகசியம் போய்விடும் என்று இரண்டு மூன்றாவது எடுக்க வேண்டும். திரைக்குப் பின்னால் போய் ஒன்றை உறைக்குள் வைத்தால் சரி.

ஆனால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

எனக்குக் குடியுரிமை கிடைத்தது 2001இல். அந்த டிசம்பர் 31க்குள் பதிந்தால்தான் அடுத்த வருஷம் வாக்கு என்பதால் ஓடிப்போய்ப் பதிந்தேன். 2002 ஏப்ரல் 21, ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று. பதினாறு வேட்பாளர்கள்! நான் போட்டது கிறிஸ்தியான் தொபிராவுக்கு. பிரெஞ்சுக் கயானாவில் பிறந்த கறுப்பினப் பெண். அடிமை வணிகம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று முந்தைய வருஷம் சட்டம் கொண்டுவந்தவர். வெல்ல மாட்டார் என்று தெரியும். வாழ்க்கையில் முதல் வாக்கு, மனதுக்குப் பிடித்தவருக்குப் போடுவோம் என்று போட்டேன்.

அன்றிரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் இரண்டு முகம் வந்தது: வலதுசாரி ஜனாதிபதி சிராக்கும், குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரி ஜோன்-மரி லு பென்னும். முதல் இரண்டு இடம் பிடித்த இவர்கள்தான் இரண்டாம் சுற்றில் மோத வேண்டும். சோசலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பன் வெளியே. லு பென்னுக்கும் அவருக்கும் இடையில் இரண்டு லட்சம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. தொபிராவுக்கு விழுந்ததோ 6,60,000.

மறுநாள் வேலைக்குப் போனால் எங்கள் செஃப், பழைய சோசலிஸ்ட், அகப்பையோடு நிற்கிறார். "உன்னைப் போன்றவர்களால்தான்." நான் சொன்னேன்: "முதல் சுற்றில் விரும்பியவரைத் தெரிவு செய், இரண்டாம் சுற்றில் வேண்டாதவரைத் தள்ளு என்று சொல்லித் தந்தது நீங்கள்தானே?" மனிதர் இன்னும் சூடானார். கணக்கு அவர் பக்கம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் லு பென்னைக் கொண்டுவரவா போட்டேன்? ஏன் போட்டேன் என்பதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது, அதனால் என்ன விளைந்தது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த சிக்கல் வீட்டில். இரண்டாம் சுற்றில் நான் சிராக்குக்குப் போடப் போகிறேன் என்றதும் பழைய அறை நண்பன் பாய்ந்தான். காரணம் இருந்தது. 1991இல், பாரிஸ் மேயராக இருந்தபோது, இதே சிராக்தான் வெளிநாட்டுக் குடும்பங்களின் சத்தமும் மணமும் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுத் தொழிலாளியைப் பைத்தியமாக்கும் என்று பேசினார். அப்போது நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில். மீன்குழம்பு வைத்தால் யன்னலைத் திறக்கப் பயம். "அவனுக்கா போடப் போகிறாய்?" என்றான். மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு சிராக்குக்குப் போடுவோம் என்று இடதுசாரிகள் பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் மணத்தைச் சொன்னவருக்கு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போட வேண்டி வந்தது. நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "சிராக் என்னைப் பிடிக்காமல் பேசினார். மற்றவருக்கு நான் இங்கே இருப்பதே பிடிக்காது." அவன் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் போட்டான். சிராக் 82 சதவீதத்தோடு வென்றார்.

நீங்கள் 2024 ஜனாதிபதித் தேர்தலில் இலங்கையில் வாக்களித்திருந்தால் ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போட்டிருக்கலாம். இங்கே இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வர வேண்டும். அந்த இரண்டு கிழமைதான் நட்பைக் கெடுக்கிற காலம்.

2022இல் படிப்பினை பெற்றவன்போல, முதல் சுற்றிலேயே இடதுசாரிகளில் முன்னணியில் இருந்த மெலன்சோனுக்குப் போட்டேன். நாலு லட்சத்துச் சொச்ச வாக்கில் அவரும் இரண்டாம் சுற்றுக்கு வராமல் போனார்! இரண்டாம் சுற்றில், ஜனாதிபதியாக இருந்த மக்ரோனுக்குப் போட்டேன். மகள் வெற்றுச் சீட்டுப் போட்டாள். அடுத்த வருஷம் ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64 ஆக்கிச் சட்டம் வந்தபோது, "அப்பா, உங்கள் மக்ரோன்" என்று சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் குத்தல். வாங்கிக்கொண்டேன்.

மச்சான், மக்ரோனுக்கு எதிரே நின்ற அந்த லு பென்னின் மகள் மரின் லு பென்னுக்குப் போட்டார். ஆச்சரியப்படாதீர்கள், நம்மவர்களில் அப்படியும் உண்டு. "நாங்கள் உழைத்து வந்தோம், இப்போது வருகிறவன் சும்மா இருந்து எடுக்கிறான்" என்பது அவர் வாதம். எனக்கு முதலில் தஞ்சம் மறுக்கப்பட்டது, மேன்முறையீட்டில்தான் கிடைத்தது. அந்த இடைக்கால இரவுகளை அவருக்குச் சொன்னேன். கேட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மாறவில்லை. கல்யாண வீடுகளில் அருகருகேதான் இருக்கிறோம், அரசியல் மட்டும் வேண்டாம் என்று அக்கா சட்டம் போட்டிருக்கிறார்.

செஃப் பிறகு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். 2012 மே மாதம், சோசலிஸ்ட் வேட்பாளர் பிரான்சுவா ஒல்லாந்து ஜனாதிபதித் தேர்தலில் வென்று அமைச்சரவை அறிவித்த அன்று ஃபோன் வந்தது. தொபிரா நீதியமைச்சர். "உன் ஆள் வந்துவிட்டாள், பார்த்தாயா? நல்ல தெரிவுதான்" என்றார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "ஆனால் 2002இல் நீ செய்தது பிழை" என்று சொல்லி வைத்துவிட்டார்.