வேலை நேரத்தில் காதுக்கு என்ன கொடுக்கலாம்? – கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன், வீட்டில் வீணை சொல்லித் தருகிறேன். படிக்கும்போதும் வேலை செய்யும்போதும் என்ன இசை போடலாம் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: குரூப் 2க்குப் படிக்கிறேன் மேடம். பாட்டு கேட்டுக்கிட்டே படிக்கலாமா?

பதில்: வரி உள்ள பாட்டு வேண்டாம் தம்பி. ஆண்டுகளையும் பெயர்களையும் மனசுக்குள் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம். அந்த நேரத்தில் காதில் விழும் பேச்சு, நாம் கவனிக்காவிட்டாலும், உள்ளே போய் அதைக் குலைக்கிறது. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு ஜெர்மன் மொழி வாசிப்பை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொல்லும் புரியாமலே அவர்களின் நினைவு தடுமாறியது. அதனால் கொரியப் பாட்டு என்றால் பரவாயில்லை என்றும் எண்ண வேண்டாம். பின்னால் வந்த சோதனைகளில் குரலைவிடக் கருவியிசை குறைவாகவே கெடுத்தது. பிடித்த பாட்டைப் படிக்க உட்காருவதற்கு முன் பத்து நிமிஷம் கேளுங்கள். படிக்கும்போது அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மொசார்ட் போட்டால் பையனுக்கு மூளை வளருமாமே?

பதில்: வளராதும்மா. அந்தப் பேச்சைக் கிளப்பிய 1993 ஆய்வில் சோதித்தது 36 கல்லூரி மாணவர்களை, குழந்தைகளை அல்ல. பத்து நிமிஷம் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்கில் கொஞ்சம் முன்னேறினார்கள். அதுவும் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. உற்சாகம் தரும் எந்த இசைக்கும் அந்தப் பலன் உண்டு என்று பிறகு தெரிந்தது.

கேள்வி: பனியன் கம்பெனியில் தையல். நாள் முழுக்க எஃப்எம் ஓடும். தப்பா?

பதில்: நல்லதுதான் அக்கா. கை பழகிய வேலைக்குப் பாட்டு துணை. போர்க்காலத்தில், 1940 ஜூனில், பிபிசி இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்கென்றே தினமும் இரண்டு வேளை அரை மணி நேரம் இசை ஒலிபரப்பத் தொடங்கியது. 1967 வரை நடந்தது. எதைப் போடக்கூடாது என்றும் யோசித்திருக்கிறார்கள்: நடுவில் கைதட்ட வைக்கும் ஒரு பாட்டைத் தடை செய்தார்கள், தொழிலாளர்கள் கையில் இருந்த கருவியாலேயே தாளம் தட்டிவிடுவார்கள் என்று. மெஷின் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டாதீர்கள். 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: நீட்டுக்குப் படிக்கிறேன், பாட்டு கேக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருஷமா இளையராஜா பாட்டு போட்டுத்தான் கம்ப்யூட்டர் கோடு எழுதுறேன். வரி ஆகாதுங்கறதை ஒத்துக்க மாட்டேன்.

பதில்: புதிதாக ஒன்றை யோசித்து எழுதும்போதுமா? இல்லை, பழகிய வேலையிலா?

அவரே: ரெண்டுலயும்தான். பல்லவி எல்லாம் மனப்பாடம், காதுக்குப் புதுசா ஒண்ணுமே இல்லை.

இன்னொருவர்: மனப்பாடம்னாதான் சார் ஆபத்து. புல்லாங்குழல்ல வாசிச்சாக்கூட எனக்கு வாய் வரியைப் பாடிடுது.

வேறொருவர்: ராஜாவைப் பின்னணியா வைக்கறதே பாவம். இடையிசை வரும்போது கை தானா நின்னுடணும்.

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பழகிய பாட்டு புதிய பாட்டைவிட நம்மைக் குறைவாக இழுக்கும். ஆனால் பழகிய மெட்டு வரியையும் கூட்டி வரும் என்பதால், சினிமாப் பாட்டைக் கருவியில் வாசித்த தொகுப்புகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. வரியே இல்லாமல் பிறந்த இசை வேறு. ராஜாவே 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற கருவியிசைத் தொகுப்பைக் கொடுத்திருக்கிறார். சார், பிழை தேடும் நாள் ஒன்றில் பாட்டோடு ஒரு மணி நேரம், பாட்டில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பாட்டு இருந்தால் நன்றாகச் செய்வதாகத் தோன்றும். தோன்றுவதை விடுங்கள், முடித்ததை எண்ணுங்கள்.

அவரே: எண்ணிட்டு வந்து சொல்றேன். தோக்க மாட்டேன் மேடம்.

கேள்வி: பைனாரல் பீட்ஸ்?

பதில்: இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட சுருதி கொடுத்தால் மூளை ஒரு துடிப்பைக் கேட்கும். 1841இலேயே டோவ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் கண்டது. கவனம் கூடும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: காதில் எப்போதும் ‘ஙொய்’னு கேக்குது. என்ன இசை போடலாம்?

பதில்: இசை வேண்டாம். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: படிக்கும்போது பக்திப் பாட்டு?

பதில்: அதிலும் வரி இருக்கிறது. வரி வேண்டாம்.

கேள்வி: கர்நாடக சங்கீதத்தில் எது சரியாக வரும்?

பதில்: வீணையில் தானம், அதாவது ராகத்தை ஒரு துடிப்போடு விரித்து வாசிப்பது. சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது, தாளக் கட்டு கிடையாது, ஆனால் உள்ளே ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் அதிகம் என்றால் தம்பூரா மட்டும் போதும். பாட்டு கற்றவர்களுக்கு இது பொருந்தாது. காது ஸ்வரம் பிரிக்கப் போய்விடும்.

கேள்வி: அப்போ நீங்க என்ன போடுவீங்க மேடம்?

பதில்: விடைத்தாள் திருத்தும்போது ஒன்றும் போடுவதில்லை. ஒருமுறை தானம் ஓடவிட்டுத் திருத்தினேன். ஒரு பெண்ணுக்கு ஏழு மதிப்பெண் கூட்டலில் விட்டுப்போனது. மறுபடி கூட்டியபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.