பில் இல்லாத டிஃபரன்ஷியலை வாங்கலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது மூன்று வருடமான டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். மேனுவல் கியர், முன்சக்கர இழுவை. ஏலகிரி மலை ஏறும்போது வளைவுகளில் உள்பக்க டயர் பிடிப்பில்லாமல் வீணாகச் சுற்றுகிறது. அதனால் எல்.எஸ்.டி., அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் மாட்ட நினைக்கிறேன். ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும்போது இழுவையை மற்ற சக்கரத்துக்கும் அனுப்பும் பாகம் அது. பெங்களூரில் ஒரு கடையில் பல்சக்கர வகை, மாட்டும் கூலியும் ஜி.எஸ்.டி. பில்லும் சேர்த்து ₹1,60,000 கேட்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் பயன்படுத்திய கிளட்ச் பிளேட் வகை ₹55,000-க்கு இருக்கிறது, பில் இல்லை. எதை வாங்கலாம்? ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ், வாரண்டி இவற்றில் சிக்கல் வருமா?

பதில்: தம்பி, நீங்கள் வாங்கும் முன்பே கேட்டது நல்லது. வக்கீலான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கியர்பாக்ஸ் உடைந்த பிறகுதான் வருகிறார்கள்.

முதலில் ஆர்.டி.ஓ. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாறுதல்தான் 'மாற்றம்' என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண், சி.சி., எரிபொருள், நிறம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும். டிஃபரன்ஷியல் எந்த வகை என்று எங்கும் இருக்காது. அதே கியர்பாக்ஸ் கூட்டுக்குள், கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) விகிதத்தைத் தொடாமல் மாட்டும் எல்.எஸ்.டி. இந்தத் தடைக்குள் வராது என்பது என் கருத்து.

ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து விலகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கறாராகவே சொன்னது. எதிர்த்தரப்பு அந்த வரிகளைத்தான் காட்டும். பிரிவு 182A(4)-இல், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அதனால் எல்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'கூடவே எக்ஸாஸ்டையும் மாற்றி, ஈ.சி.யூ.வையும் (இன்ஜினின் கணினி) ரீமேப் செய்துவிடலாம்' என்று கடைக்காரர் சொல்வார். சத்தமோ புகையோ விதித்த அளவைத் தாண்டினால் பிரிவு 190(2) வந்துவிடும். அதில் ₹10,000 வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு, மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்வி. இது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதுதான் என்றாலும், இதில் சட்டமும் சரிபாதி இருக்கிறது. பல்சக்கர வகையில் தேய்ந்து போகும் பிளேட் கிடையாது, பொதுவாக வழக்கமான கியர் ஆயிலே போதும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால் மட்டும் அது பெரிதாக உதவாது. தார் ரோட்டில் ஓட்டும் உங்களுக்கு அது குறையில்லை. கிளட்ச் பிளேட் வகை பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது. அதற்கு ஏற்ற ஆயில் வேண்டும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும், பிளேட் தேய்ந்தால் பிரித்துக் கட்ட வேண்டும். மெதுவாக யூ டர்ன் அடித்தால் 'கடகட' என்று சத்தம் வரும். அது அதன் இயல்பா, பழுதா என்று சொல்வது கஷ்டம். வழக்கில் அந்தச் சந்தேகம் எப்போதும் எதிர்த்தரப்புக்குத்தான் சாதகம்.

ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்திருந்தார். பிளேட் வகை ஒன்றை ஒரு இடத்தில் வாங்கி, இன்னொரு ஒர்க்ஷாப்பில் மாட்டியிருந்தார். இரண்டு மாதத்தில் கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தது. விற்றவர் 'மாட்டினது சரியில்லை' என்றார். மாட்டியவர் 'சாமானே சரியில்லை' என்றார். கையில் இருந்த பில்லில் 'கியர்பாக்ஸ் வேலை' என்று ஒரே வரி. எந்த ஆயில் ஊற்றினார்கள், பேரிங்குக்கு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளந்து போட்டார்களா என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதை நிரூபிக்க எங்களால் முடியவில்லை.

உங்கள் நண்பர் தரும் ₹55,000 சாமானிலும் இதே ஆபத்துதான். நண்பர் வியாபாரி இல்லை, அதனால் நுகர்வோர் ஆணையத்தில் அவர்மேல் வழக்கு நிற்காது. மாட்டுகிறவரும் 'நீங்கள் கொண்டுவந்த பழைய சாமான்' என்று கைகழுவிவிடுவார். விற்பவரும் மாட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் பழியைத் தள்ளிவிட இடமே இருக்காது. ஆகவே பெங்களூர் கடை.

வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேரடியாக வரவழைக்கவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 86-இல் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராகவோ, நோட்டீஸை முறைப்படி சேர்ப்பிக்க முடியாதவராகவோ இருந்தால், பொருளை விற்றவரே பொறுப்பாளி ஆகலாம். பொருளின் குறையால் யாருக்காவது காயம் பட்டால், உங்களுக்கு இந்தியாவில் ஒரு விற்பனையாளர் இருப்பது அவ்வளவு முக்கியம்.

கடை பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டமான வேலூரின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரிவு 34 அந்த உரிமையைத் தருகிறது. கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உடைந்த பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அதனால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது.

வாரண்டியைப் பொறுத்தவரை, கியர்பாக்ஸ், கிளட்ச், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கான கம்பெனி வாரண்டி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு ஏ.சி. கம்ப்ரஸர் பழுதாகி, 'நீங்கள் எல்.எஸ்.டி. போட்டிருக்கிறீர்கள்' என்று சர்வீஸ் சென்டர் மறுத்தால் விடாதீர்கள். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எல்.எஸ்.டி.க்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

இன்ஷூரன்ஸில்தான் எனக்கு உண்மையான கவலை. மாட்டிய உடனே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாலிசியில் என்டார்ஸ்மென்ட், அதாவது இந்த மாற்றத்தைப் பதிவுசெய்த குறிப்பு, கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள். முக்கிய விவரத்தை மறைத்து எடுத்த பாலிசி செல்லாது என்று வாதிட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 150 கம்பெனிக்கு இடம் தருகிறது. மூன்றாம் நபர் ஒருவர் அடிபட்டு, அந்த வாதம் எடுபட்டால், நஷ்டஈட்டுச் சுமை கடைசியில் உங்கள் தலையில் விழும். அதே பிரிவில் பந்தயமும் வேகச் சோதனையும் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஓட்டினால் வண்டிக்கு வரும் சேதத்தைச் சாதாரண பாலிசி தாங்காது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை எத்தனை நிமிடத்தில் ஏறுகிறோம் என்று நண்பர்களோடு நேரம் பார்ப்பதும் பிரிவு 189-இன்படி குற்றம்தான். பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் போகிற ரோடு அது. தயவுசெய்து அங்கே வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். வண்டியின் மாடல், கியர்பாக்ஸ் குறியீடு, எல்.எஸ்.டி.யின் தயாரிப்பாளர், பாக எண், வரிசை எண், ஊற்றப்போகும் ஆயில், மாட்டும் வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்கட்டும். அவர்கள் 'சரி' என்று பதில் போட்ட பிறகு பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். வண்டி எடுக்கும் நாளில் அதே விவரங்கள் ஜாப் கார்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரையாடல் உள்ள போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்; மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டி வந்தால் அந்தப் போன்தான் வேண்டும்.