அழிக்காமல் எழுதும் கணக்கு

கேள்வி: காரைக்குடியில் மாமாவின் பாத்திரக் கடைக்காக மூன்று ஆண்டுகளாகப் பைத்தானில் விற்பனைக் கணக்கு நிரல்களை எழுதி வருகிறேன். சென்ற மாதம் ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கினேன். ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்று எழுதி எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால், பிழை என்றுகூடச் சொல்லாமல் கணினி நின்றுவிடுகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் மடக்கு இல்லை. மாதச் சராசரி காண்பதற்கும் தடை சொல்கிறது. எனக்குத்தான் பிடிபடவில்லையா? இதைக் கற்றால் வேலை கிடைக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்களுக்குப் பிடிபடாமல் இல்லை, பைத்தானில் பழகிய கை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பைத்தானில் சமக்குறி என்பது, வலப்பக்கத்து மதிப்பை எடுத்து இடப்பக்கத்துப் பெயரில் வை என்னும் கட்டளை. ஹாஸ்கெலில் அது பள்ளிக் கணிதத்துச் சமக்குறியே. ஆகவே, எக்ஸைக் காண எக்ஸோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், அதற்கு மறுபடியும் எக்ஸ் வேண்டும் என்று கணினி முடிவில்லாமல் தேடிக்கொண்டே போகிறது. தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கர்ரியின் பெயரைத் தாங்கி, 1990-இல் முதல் வரையறை வெளியான இம்மொழி, 1930-களில் கணிதவியலாளர் அலான்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸ் என்னும், மதிப்பைப் பெற்று மதிப்பைத் தரும் செயற்கூறுகளைக் கொண்டே கணக்கிடும் கணித முறையின் வழிவந்தது. ஒரு பெயருக்குத் தந்த மதிப்பை அழித்து வேறொன்றை எழுதும் பேச்சே அங்குக் கிடையாது.

உங்கள் ஊருக்கு இது புதிதும் அன்று. ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் ஊரில் பேரேடு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கான கணக்குப்பிள்ளை தவறாக விழுந்த வரியைச் சுரண்டி அழிக்கமாட்டார். எதிர்ப்பதிவு ஒன்றைப் புது வரியாகப் போடுவார். இருப்பு என்பதும் அழித்தழித்து எழுதும் கட்டம் அன்று. தொடக்க இருப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சேர்த்து வந்தால் கிடைக்கும் விடை. மடக்கைத் தேடி நீங்கள் தவிக்கும் இடத்தில் ஹாஸ்கெல் வைத்திருக்கும் ‘ஃபோல்டு’ செய்வதும் இதையேதான். பழைய இருப்பையும் ஒரு வரியையும் பெற்றுப் புது இருப்பைத் தரும் செயற்கூறு, தொடக்க இருப்பு, வரிகளின் பட்டியல் ஆகிய மூன்றை அதனிடம் கொடுக்கிறோம். தொடக்க இருப்பு 500, அடுத்து வரவு 200, பிறகு பற்று 50 என்றால், 700 வழியாக 650-இல் வந்து நிற்கும். எந்த எண்ணும் அழிக்கப்படவில்லை.

சராசரியில் நேர்ந்தது வேறு. விற்பனைத் தொகைகள் பின்ன எண்கள். பட்டியலின் நீளமோ முழு எண். இரண்டையும் ஹாஸ்கெல் தானாகக் கலக்காது. நீளத்துக்கு முன்னால் ‘ஃப்ரம்இன்டெக்ரல்’ என்று எழுதினால் தீர்ந்தது. இதை மொழியின் அழகு என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வருகிறவர்களை முதல் வாரத்திலேயே விரட்டுவது இத்தகைய தடையும், அதோடு வரும் முழநீளப் பிழைச்செய்தியும்தான்.

அடுத்து நீங்கள் சறுக்கக்கூடிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். விடை தேவைப்படும்வரை ஹாஸ்கெல் எதையும் கணக்கிடாது. லட்சக்கணக்கான வரிகளை ஃபோல்டின் ஒரு வகையான ‘ஃபோல்டுஎல்’ கொண்டு கூட்டினால், கூட்டுவதற்குப் பதிலாக, ‘பிறகு கூட்ட வேண்டும்’ என்ற சீட்டுகளை நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகக்கூடும். பெயரின் இறுதியில் ஒற்றை மேற்கோள்குறி இட்ட இன்னொரு ஃபோல்டுஎல் ‘டேட்டா.லிஸ்ட்’ தொகுதியில் உண்டு. அது ஒவ்வொரு வரியிலும் அங்கேயே கூட்டிவிடும்.

ஹாஸ்கெல் மட்டுமே கேட்கும் வேலைகள் குறைவு. ஆனாலும் உழைப்பு வீணாகாது; பைத்தானில் சதுர அடைப்புக்குள் ஒரே வரியில் பட்டியல் அமைக்கும் முறையே ஹாஸ்கெலிடமிருந்து வாங்கியதுதான். கடை நிரலைப் பைத்தானிலேயே விட்டுவிட்டு, இருப்புக் காணும் பகுதியை மட்டும் ஹாஸ்கெலில் எழுதி, இரண்டு விடைகளும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். அப்போது தொகைகளைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையேல், பின்ன எண்களால் வரும் சிறு பிசகுக்கு ஹாஸ்கெலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.