கை, பேச்சு, கோபம்: மூளையின் முன்மடல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பா இப்போது நடக்கிறார். வலது கை மட்டும் ஏன் தேறவில்லை?

பதில்: நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் முன்மடல். உடலை அசைக்கும் பட்டை போன்ற பகுதி அதன் பின்விளிம்பில் இருக்கிறது. வலது கைக்கு இடது மூளைதான் பொறுப்பு. கைக்கான இடம் மூளையின் வெளிப்பக்கத்திலும், காலுக்கானது உள்பக்கச் சுவரிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் ரத்தக்குழாய் வேறு. வெளிப்பக்கக் குழாய்தான் அதிகம் அடைபடுகிறது, அதனால் காலைவிடக் கைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. பொத்தான் போடும் அளவுக்கு விரல் தேற நாளாகும், ஃபிசியோவை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நாங்கள் பேசுவது புரிகிறது. 'தண்ணி' என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் சாமி பாட்டு போட்டால் கூடவே பாடுகிறார். நடிக்கிறாரா?

பதில்: நடிப்பே இல்லை. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓசை மட்டுமே வந்தது. இறந்தபின் பார்த்தால் இடது முன்மடல் சேதமாகியிருந்தது. சொந்தமாக வாக்கியம் அமைக்க அந்தப் பகுதி வேண்டும். மனப்பாடமான பாட்டுக்கும் 'ஒன்று, இரண்டு, மூன்று'க்கும் வலது மூளையும் கைகொடுக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். அவர் சொல்லத் திணறும்போது நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ஸ்பீச் தெரபியில் ராகம் போட்டுப் பேசவைக்கும் பயிற்சியும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பைக் விபத்துக்குப் பிறகு என் கணவருக்குக் கை, கால், ஞாபகம் எல்லாம் சரி. ஆனால் எடுத்ததற்கெல்லாம் கத்துகிறார், பணத்தை வாரி இறைக்கிறார். குழம்பு தீய்ந்தால்கூட வாசம் தெரிவதில்லை என்கிறார்.

பதில்: அந்த வாச விஷயம்தான் முக்கியமான துப்பு. முன்மடலின் அடிப்பகுதி கரடுமுரடான எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலை அடிபடும்போது அது எலும்பில் உரசிக் காயப்படும். வாசனை நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. ஆத்திரத்துக்குக் கடிவாளம் போடுவதும், பின்விளைவை யோசிப்பதும் அந்தப் பகுதி. 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில்பாதை மேஸ்திரி ஃபினியஸ் கேஜின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தார், ஆனால் குணம் மாறிவிட்டது. அப்புறம் அவர் சிலி நாட்டில் குதிரைவண்டி ஓட்டிப் பல வருடம் பிழைத்ததைப் பலர் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம், ஒழுங்கான தினசரி வேலை இப்படிப்பட்டவர்களைத் தாங்கும். ஏடிஎம் கார்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கத்தும்போது வாதாடாமல் வேறு அறைக்குப் போங்கள். நரம்பியல் மருத்துவரிடம் வாசனை தெரியாததையும் சொல்லுங்கள்.

கேள்வி: மாமனார் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வருத்தமும் இல்லை. சோம்பலா?

பதில்: முன்மடலின் உள்பக்கம் பழுதானால் ஒன்றைத் தொடங்கும் உந்துதலே வராது. மெல்ல மெல்ல வந்திருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள். "குளிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டால் "அப்புறம்" என்றுதான் பதில் வரும். துண்டைக் கையில் கொடுத்து, "வாங்க மாமா, தண்ணி சூடா இருக்கு" என்று கூட்டிப்போங்கள்.