பதில்: தேசிய முகாமில் தம்பியைக் கழித்துவிட்டார்கள்

உங்கள் தம்பி ரக்பியில் ஹூக்கர் (முன்வரிசை நடுவில் ஆடுபவர்), ஓட்டம் போதாது என்று முகாமில் கழித்துவிட்டார்கள் என்கிறீர்கள், சரி, அது செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) முகாமா பதினைந்து பேர் அணிக்கா என்று முதலில் கேளுங்கள். 2016 ஒலிம்பிக்கில் நுழைந்ததிலிருந்து செவன்ஸுக்குத்தான் மவுசு. பாதிக்கு 7 நிமிடம், அதே முழு மைதானம், ஸ்க்ரம்முக்கே (இரு அணியும் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) அணிக்கு மூன்று பேர்தான், அதில் கனத்த உடம்புக்காரன் திணறத்தான் செய்வான். பயிற்சியாளரைத் திட்டிப் பயனில்லை.

பதினைந்து பேர் ஆட்டம் என்றால் லைன்அவுட் எறிதலைக் கவனிக்கச் சொல்லுங்கள், அதாவது பந்து பக்கக் கோட்டைத் தாண்டியபின் இரு அணி வரிசைக்கும் நடுவே நேராக எறிவது, வழக்கமாக ஹூக்கர் வேலை. மும்பை சயானில் எங்கள் கட்டடச் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டு, தள்ளி நின்று தினமும் நூறு தடவை எறிவேன் (வாட்ச்மேன் கத்துவார், அது வேறு கதை). பந்து கோணினால் வாய்ப்பு எதிரணிக்குப் போய்விடும், தேர்வாளர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.