சிலந்தி போன வயலில் புகையான்

கேள்வி: சம்பா நெல் நட்டு 55 நாள் ஆகிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு சைபர்மெத்ரின் இரண்டு முறை அடித்தேன். புழு போய்விட்டது, இப்போது தூரடியில் புகையான் (சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) மொய்க்கிறது. மருந்தே அடிக்காத பக்கத்து வயலில் இவ்வளவு இல்லை. இன்னும் வீரியமாக எதை அடிக்கலாம்?

பதில்: வீரிய மருந்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் இரண்டு வயலிலும் இறங்கி, குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட நெற்பயிர்க் கொத்தை, விலக்கித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாருங்கள். பக்கத்து வயலில், முதுகில் கவட்டை போன்ற கோடுள்ள சிலந்தி ஓடும். ஓநாய்ச் சிலந்தி என்போம். சில தாய்ச் சிலந்திகள் குஞ்சுகளை முதுகிலேயே சுமந்துகொண்டு திரியும். ஒரு சிலந்தி நாளுக்கு 5 முதல் 15 புகையானைத் தின்னும். மிரிட் நாவாய்ப்பூச்சியோ புகையானின் முட்டையையே தேடி உறிஞ்சிவிடும். உங்கள் மருந்து இந்த இரண்டையும் கொன்றுவிட்டது. ஆனால் புகையான் முட்டை இலை உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து வந்தபோது தின்ன ஆள் இல்லை. சிலந்தி பழையபடி பெருக அதிக நாளாகும், புகையானுக்கோ ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும்.

இந்தோனேசியாவிலும் இதே கதைதான். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதால், 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை அந்த அரசு தடை செய்தது. விளைச்சல் குறைந்துவிடவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தண்ணீரை வடித்துவிட்டு, இனி காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயல் காய்ந்த பிறகே மறுபடி தண்ணீர் கட்டுங்கள். யூரியா மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். நெருக்கமான நடவாக இருந்தால், 8 அடிக்கு ஒரு அடி இடைவெளி விழும்படி பயிரை இருபுறமும் ஒதுக்கி, காற்றும் வெயிலும் தூருக்குப் போகும்படி செய்யுங்கள். அடுத்த நடவில் இந்த இடைவெளியை, அதாவது பட்டம், விட்டே நடுங்கள்.

அப்புறம் பரவலாக 20 குத்துகளை எண்ணிப் பாருங்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு (குத்திலுள்ள ஒவ்வொரு கிளைப்புக்கும்) 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு ஒன்று வந்தாலே மருந்து வேண்டும். அப்போதும் சைபர்மெத்ரின் வகையோ குயினால்பாஸோ வேண்டவே வேண்டாம். பைமெட்ரோசின் 50 சத நீரில் கரையும் குருணையை ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தூரடி நனையும்படி அடியுங்கள். சிலந்திக்கு இதனால் பாதிப்பு குறைவு. பூச்சி உடனே செத்து விழாது, சாறு உறிஞ்ச முடியாமல் சில நாளில் சாகும். அதனால் பயந்துபோய் மறுநாளே வேறு மருந்தைக் கலந்துவிடாதீர்கள்.